ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் விமானம் விழுந்துவிடுமா?

'நடுவானில் இயந்திரக் கோளாறு' என்று ஒரு செய்தி வந்தால் போதும், வீட்டுக்கு வீடு கைப்பேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போன அக்கா குடும்பம், கோயில் யாத்திரைக்காகச் சென்னைக்குப் போன பெற்றோர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எங்கோ வானத்தில் இருப்பார். 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்ததில், விமானத்தில் இருந்த 241 பேரும் தரையில் இருந்த 19 பேரும் மாண்டனர். அதன் பிறகு இந்த அச்சம் இன்னும் கூடியிருக்கிறது.

ஆனால் அகமதாபாத்தில் நடந்தது வேறு. அங்கே இரண்டு இயந்திரங்களுக்கும் போகும் எரிபொருள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டது என்று இந்தியப் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை கூறியது. அது மிக அரிதானது. ஓர் இயந்திரம் மட்டும் பழுதடைவது வேறு கதை. அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தே விமானம் வடிவமைக்கப்படுகிறது, விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள், பாதைகளும் வகுக்கப்படுகின்றன.

கடந்த கால விபத்துகளைப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. ஓர் இயந்திரம் நின்றதால் மட்டுமே பெரிய பயணிகள் விமானம் விழுவது அபூர்வம். நின்ற பிறகு விமானி அறையில் ஏற்படும் அவசரம், குழப்பம், மௌனம் ஆகியவைதான் உயிர்களைப் பறித்திருக்கின்றன.

ஓடுபாதையில் எடுக்கப்படும் முடிவு

விமானம் புறப்படும் ஒவ்வொரு முறையும் விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு 'வி ஒன்' என்று பெயர். விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். அந்த வேகத்தை எட்டுவதற்கு முன்பு இயந்திரம் பழுதானால் விமானத்தை நிறுத்திவிட வேண்டும். எட்டிய பிறகு பழுதானால் நிறுத்தக்கூடாது, மேலெழும்பியே ஆக வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு பிரேக் பிடித்தால் ஓடுபாதை முடிந்துபோகும். மாறாக, எஞ்சியிருக்கும் இயந்திரத்தின் சக்தியிலேயே விமானம் பாதுகாப்பாக மேலே ஏறிவிடும். அது இயலும் என்று நிரூபிக்காத விமானத்துக்கு உரிமமே கிடையாது.

விமானிகள் பாவனைப் பயிற்சிக் கூடத்தில் அடிக்கடி செய்யும் பயிற்சியும் இதுதான். தரையில் நிற்கும் ஒரு பெட்டிக்குள் உண்மையான விமானி அறை போலவே எல்லாம் இருக்கும். 'வி ஒன்' வேகத்தைக் கடந்த அடுத்த விநாடியில் பயிற்றுநர் ஓர் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். அதை நேராக வைத்துக்கொண்டு மேலே ஏற்ற வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு ஒரு முறை விமானிகள் இத்தகைய சோதனைக்கு உட்பட வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், அதில் தேறாதவர் பயணிகளுடன் பறக்க முடியாது.

முதலில் பறக்க வை

இயந்திரம் நின்றதும் விமானி செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விமானத்தைப் பறக்க வைக்க வேண்டும். அடுத்து எங்கே போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களிடம் பேச வேண்டும். பயணிகளுக்கு உடனே அறிவிப்பு வராததற்கு இதுவே காரணம். அந்த மௌனம் அலட்சியத்தால் வருவதில்லை. விமானியின் கை வேறு வேலையில் இருக்கிறது.

இருவரில் ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து, பழுது எதுவென்று பார்ப்பார். போதிய உயரத்தை எட்டும் வரை எந்த விசையையும் அவசரப்பட்டுத் தொடக்கூடாது. பழுதான இயந்திரத்தின் விசையில் ஒருவர் கை வைத்ததும், இது சரியான விசைதானா என்று கேட்க வேண்டும். மற்றவர் பார்த்து உறுதி சொன்ன பிறகே அதை இழுக்க வேண்டும். எரிபொருளை நிறுத்தும்போதும், தீயணைப்புக் கைப்பிடியை இழுக்கும்போதும் இதே நடைமுறைதான். சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்தச் சில விநாடிகள் இல்லாமல் போனதால் என்ன நடந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சாங்கிக்குத் திரும்பிய குவாண்டாஸ்

இந்த வட்டாரத்துக்கு நன்கு நினைவிருக்கும் சம்பவம் 2010 நவம்பர் 4ஆம் தேதி நடந்தது. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் கியூஎஃப்32 விமானம், நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ380 வகையைச் சேர்ந்தது. பயணிகளும் ஊழியர்களுமாக 469 பேர் இருந்தனர். புறப்பட்ட சில நிமிடங்களில், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், இடது பக்கத்தின் இரண்டாம் எண் இயந்திரம் வெடித்தது. அதன் பாகங்கள் பாத்தாம் தீவில் வீடுகள் உள்ள பகுதியில் விழுந்தன. அங்கே யாரும் காயமடையவில்லை.

ஓர் எண்ணெய்க் குழாயின் உட்பகுதி சற்றே மையம் விலகிக் குடையப்பட்டிருந்தது. அதனால் குழாயின் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, நாளடைவில் விரிசல் கண்டது. கசிந்த எண்ணெயில் தீப்பற்றி, சுழலியின் வட்டு உடைந்து சிதறியது. அந்தத் துண்டுகள் இறக்கையைத் துளைத்து, மின்கம்பிகளையும் எரிபொருள் தொட்டியையும் சேதப்படுத்தின.

விமானி அறையின் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி உடனே தரையிறங்க முற்படவில்லை. விமானம் பறக்கிறது, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்தார். பிறகு சாங்கிக்கு அருகிலேயே வட்டமிட்டுக்கொண்டு, ஏறக்குறைய 50 நிமிடங்கள் ஒவ்வோர் எச்சரிக்கையாகப் பார்த்து முடித்தனர். ஒரு கட்டத்தில் அவர் தம் சிந்தனையை மாற்றிக்கொண்டதாகப் பின்னர் கூறினார். எது எது கெட்டுப்போனது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எது எது இன்னும் வேலை செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

அன்று விமானி அறையில் வழக்கத்துக்கு மாறாக ஐந்து விமானிகள் இருந்தனர். வேலை பிரித்துக்கொள்ளப்பட்டது. பயணிகளில் ஒருவரும் விமானிதான். விமானத்தின் வாலில் பொருத்தப்பட்ட கேமரா காட்டிய படத்தில் இடது இறக்கையிலிருந்து ஏதோ கசிவதைப் பார்த்து அவர் தெரிவித்தார். இரண்டாம் அதிகாரி நேரில் வந்து பார்த்தார். விமானி அறையிலிருந்து இறக்கையின் அந்தச் சேதத்தைப் பார்க்க வழியில்லை. பயணி சொன்ன தகவல் அந்தக் குறையை நிரப்பியது.

அனுமதிக்கப்பட்ட தரையிறங்கும் எடையைவிட விமானம் ஏறக்குறைய 50 டன் கூடுதல் கனத்துடன் இருந்தது. பிரேக்கின் முழுத் திறனும் இல்லை. 4,000 மீட்டர் நீள ஓடுபாதையில், முடிவுக்கு ஏறக்குறைய 150 மீட்டர் இருக்கும்போது விமானம் நின்றது.

அதோடு ஆபத்து முடியவில்லை. இறக்கையிலிருந்து எரிபொருள் கொட்டியது, பிரேக்குகள் கொதித்தன, முதலாம் எண் இயந்திரத்தை நிறுத்தவே முடியவில்லை. அவசரச் சறுக்குகளைத் திறந்து எல்லாரையும் இறக்குவதா, உள்ளேயே வைத்திருப்பதா? சறுக்கில் இறங்கும்போது முதியவர்களுக்குக் கால் முறியலாம். கீழே எரிபொருளும், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமும் இருந்தன. தீயணைப்பு வீரர்கள் நுரை பீய்ச்சிக்கொண்டிருக்க, பயணிகள் உள்ளேயே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வலது பக்கக் கதவு ஒன்றின் வழியாக, படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்கினர். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. அந்த முதலாம் எண் இயந்திரம் அடங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது.

தவறான விசை

இதற்கு நேர்மாறானது 2015 பிப்ரவரி 4ஆம் தேதி தைப்பேயில் நடந்தது. டிரான்ஸ்ஆசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் 58 பேருடன் புறப்பட்டது. சிறிது நேரத்தில் வலது இயந்திரம் உந்துசக்தியை இழந்தது. இடது இயந்திரம் நன்றாகவே இருந்தது. சரிபார்க்கும் நடைமுறையைப் பின்பற்றாமல், தலைமை விமானி நன்றாக ஓடிய இடது இயந்திரத்தை நிறுத்திவிட்டார். தவற்றை உணர்ந்தபோது உயரமும் இல்லை, நேரமும் இல்லை. புறப்பட்ட மூன்று நிமிடங்களுக்குள் விமானம் ஒரு மேம்பாலத்தில் மோதி கீலுங் ஆற்றில் விழுந்தது. 43 பேர் மாண்டனர்.

புறப்படும்போது இயந்திரம் பழுதானால் கையாள்வதில் அந்த விமானி திணறியது முந்தைய பயிற்சிகளிலேயே குறிக்கப்பட்டிருந்தது என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. குறிப்பு ஏட்டில் இருந்த குறை சரிசெய்யப்படாமலே அவர் பயணிகளுடன் பறந்திருக்கிறார். ஒரு மனிதரின் கை செய்த பிழைக்குப் பின்னால், அவரைத் தேர்வுசெய்த முறையின் பிழையும் இருந்தது.

பார்த்தும் சொல்லாதவர்கள்

1989 ஜனவரி 8ஆம் தேதி லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737 விமானத்தில், இடது இயந்திரத்தின் விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் வலது இயந்திரம்தான் பழுது என்று எண்ணி அதை நிறுத்தினர். தற்செயலாக அதே நேரத்தில் புகையும் அதிர்வும் குறைந்தன. அதனால் தாங்கள் செய்தது சரியே என்று நம்பிவிட்டனர்.

வலது இயந்திரத்தில் கோளாறு என்று தலைமை விமானி பயணிகளுக்கு அறிவித்தார். பின் இருக்கைகளில் இருந்த பலர் இடது பக்கத்தில் தீப்பொறி பறந்ததைக் கண்ணால் பார்த்திருந்தனர். விமானச் சிப்பந்திகள் சிலரும் பார்த்திருந்தனர். ஒருவரும் விமானி அறைக்கு அதைச் சொல்லவில்லை. தரையிறங்க நெருங்கும்போது இடது இயந்திரமும் முற்றாக நின்றது. கெக்வொர்த் ஊருக்கு அருகே, ஓடுபாதைக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் உயிரிழந்தனர்.

'பெரியவர் சொல்லிவிட்டார், அவருக்குத் தெரியாததா' என்ற எண்ணம் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. தோட்டத்திலும் அலுவலகத்திலும் அது மரியாதை எனப்படலாம். விமானத்தில் அது உயிரைக் குடிக்கும். அதனால்தான் இன்று, துணை விமானி தலைமை விமானியைத் தடுத்துக் கேட்பதற்கும், சிப்பந்திகள் தாங்கள் பார்த்ததை உடனே மேலே சொல்வதற்கும், தலைமை விமானி அதைக் கோபப்படாமல் கேட்பதற்கும் தனிப் பயிற்சி தரப்படுகிறது. கெக்வொர்த்தில் பயணிகள் வாய் திறக்கவில்லை. சாங்கியில் ஒரு பயணி திறந்தார், விமானி எழுந்து வந்து பார்த்தார். இடையில் ஓடிய 21 ஆண்டுகளில் விமானத் துறை கற்ற பாடம் இந்த இரண்டு காட்சிகளிலும் இருக்கிறது.

உள்ளே இருப்பதா, இறங்குவதா?

2016 ஜூன் 27ஆம் தேதி மிலான் நோக்கிச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ368 விமானம், இயந்திர எண்ணெய் தொடர்பான எச்சரிக்கையால் பாதி வழியில் சாங்கிக்குத் திரும்பியது. தரையிறங்கியதும் வலது இறக்கையில் தீப்பற்றியது. 222 பயணிகளும் 19 ஊழியர்களும் உள்ளேயே இருந்தனர். தீயணைப்பு வீரர்கள் தீயை அணைத்த பிறகு, படிக்கட்டு வழியாக இறங்கினர். யாருக்கும் காயமில்லை.

ஆனால் சன்னலுக்கு வெளியே தீயைப் பார்த்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்திருந்தவர்களின் பயம் உண்மையானது. ஏன் உடனே இறக்கவில்லை என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இதற்கு எல்லா நேரத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தீ எந்தப் பக்கம், காற்று எந்தத் திசை, புகை உள்ளே வருகிறதா, தீயணைப்பு வண்டி அருகில் இருக்கிறதா என்பதைப் பார்த்தே முடிவு எடுக்கப்படுகிறது. பயணிகள் தாங்களாகவே கதவைத் திறந்தால், தீ இருக்கும் பக்கத்திலேயே குதிக்க நேரலாம்.

வங்காள விரிகுடாவின் மேலே

கேஎல்ஐஏவிலிருந்தோ சாங்கியிலிருந்தோ சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் விமானங்கள் நான்கு மணி நேரம் அளவில் பறக்கின்றன. அதில் பெரும்பகுதி கடலுக்கு மேலே. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு இயந்திர விமானங்கள். நடுக்கடலில் ஒன்று நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானதே.

இரண்டு இயந்திர விமானம், ஓர் இயந்திரத்துடன் 60 நிமிடங்களுக்குள் சென்றடையக்கூடிய விமான நிலையத்தை விட்டு விலகிப் போகக்கூடாது என்பது அடிப்படை விதி. அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் 'ஈடாப்ஸ்' எனப்படும் சிறப்பு அனுமதி வேண்டும். விமான வகை, இயந்திரத்தின் நம்பகத்தன்மை, நிறுவனத்தின் பராமரிப்பு ஆகிய அனைத்தையும் பார்த்தே அது தரப்படும். 1985இல் 120 நிமிடங்கள் வரை அனுமதி தரப்பட்டது. இப்போது சில வகை விமானங்களுக்கு அதைவிட மிக அதிகமாகவும் உண்டு.

ஓர் இயந்திரத்துடன் பழைய உயரத்திலேயே விமானம் நிற்க முடியாது. அது மெதுவாகக் கீழே இறங்கி, குறைந்த உயரத்தில் நிலைபெற்றுப் பறக்கும். திடீரென்று கீழே விழாது. எங்கே திரும்புவது, அதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதெல்லாம் புறப்படும் முன்பே திட்டத்தில் இருக்கும். பினாங்கு, பூக்கெட், மேடான், போர்ட் பிளேர், சென்னை ஆகியவை இந்தக் கடலைச் சுற்றி இருக்கின்றன.

மேற்பார்வை தளர்ந்தால்

இத்தனையும் சரியாக நடக்க வேண்டுமானால், பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பணமும் ஆளும் வேண்டும். அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பும் வலுவாக இருக்க வேண்டும். மலேசியாவில் இது வெறும் ஏட்டுப் பேச்சாக இருந்ததில்லை.

2019 நவம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மலேசியாவின் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் நிலைக்குக் குறைத்தது. விமான நிறுவனங்களைவிட, அவற்றை மேற்பார்வையிடும் அரசு அமைப்பின் மீதான மதிப்பீடு அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில்தான் முதல் நிலை திரும்பக் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் மலேசியா ஏர்லைன்ஸ் சேவைகள் தொடர்ந்து தடைப்பட்டபோது, பொது விமானப் போக்குவரத்து ஆணையம் விசாரணை நடத்தியது. திறன் பெற்ற தொழில்நுட்பர் பற்றாக்குறையும் உதிரிபாகத் தாமதமும் அதில் வெளிவந்தன. நிறுவனத்தின் இயக்கச் சான்றிதழின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஓர் ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

கண்டிப்பான இந்த நடவடிக்கை பயணிகளுக்கு நல்லதே. டிக்கெட் விலை, தாமதம், உணவு பற்றி எழும் புகார்களின் சத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது, பராமரிப்பு எப்படி நடக்கிறது, பொறியாளர்கள் போதுமா என்ற கேள்விகளுக்கும் எழ வேண்டும். பாதுகாப்புக் காரணத்துக்காக விமானம் தாமதமாகும்போது முகப்பில் நிற்கும் ஊழியரிடம் சண்டை போடுவது, தவறான இடத்தில் கொடுக்கும் அழுத்தம்.

பயணி செய்யக்கூடியது

விமானியின் வேலையைப் பயணி செய்ய முடியாது. ஆனால் பயணியின் வேலையை விமானியும் செய்ய முடியாது.

2016 ஆகஸ்ட் 3ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம், ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. அது இயந்திரப் பழுதால் நேர்ந்ததன்று. ஆனால் உள்ளே புகை சூழ்ந்தபோதும் பலர் மேலறையில் இருந்த பைகளை எடுத்துக்கொண்டிருந்த காட்சி உலகம் முழுவதும் பரவியது. அன்று 300 பேரும் தப்பினர், ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பற்றியபோது, உள்ளே இருந்த 379 பேரும் வெளியேறினர். பெரும்பாலானவர்கள் பையை விட்டுவிட்டு, சிப்பந்திகள் சொன்னபடி நகர்ந்ததே அதற்குப் பெரிய காரணம்.

தங்க நகையும் கடப்பிதழும் மேலறைப் பையில் இருந்தால், அதை விட்டுவர மனம் வராது. ஊருக்குப் போகும் முதியவர்கள் அவற்றைச் சிறு பையில் போட்டு உடலோடு வைத்துக்கொண்டால், அந்தத் தடுமாற்றமே வராது. பாதுகாப்பு விளக்கம் ஆங்கிலத்திலோ மலாயிலோ ஓடும்போது, புரியாத பாட்டிக்கு அருகில் இருக்கும் பேரப்பிள்ளை தமிழில் சொல்லித் தரலாம். பின்னால் இருக்கும் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது, இடுப்புப் பட்டையை எப்படிக் கழற்றுவது, இவ்வளவு போதும்.

சன்னலில் தீயோ புகையோ கசிவோ தெரிந்தால், அதைப் படம் பிடித்து அனுப்புவதற்கு முன்பு விமானச் சிப்பந்தியை அழைத்துச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'அவர்களுக்குத் தெரிந்திருக்கும்' என்று வாய்மூடி இருக்கத் தேவையில்லை. கெக்வொர்த்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.